இருபது நிமிடம் மூச்சு விட்ட குழந்தையைப் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சிசு மரண ஆய்வுக் கூட்டங்களை நடத்தும் சுகாதாரத் துறை உயர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நான் முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன வாரம் ஒரு நாள் இரவு, சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முன்பு என்னிடம் களப்பயிற்சி எடுத்த ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். இப்போது அவளும் கிராம சுகாதார செவிலியர். உள்ளே வந்து உட்கார்ந்தவள் ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று மெமோ. அவளுடைய துணை சுகாதார நிலையப் பகுதியில் இந்த வருடம் ஒரு வயதுக்குள் இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டதால், அவள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டுமாம். இன்னொன்று ஒரு பட்டியல். வட்டாரத்தில் இருக்கும் எல்லாத் துணை நிலையங்களையும் சிசு மரண விகிதப்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பவற்றுக்குப் பச்சை நிறமும் கீழே இருப்பவற்றுக்குச் சிவப்பு நிறமும் கொடுத்திருந்தார்கள். அவளுடைய இடம் சிவப்பில், கடைசியிலிருந்து மூன்றாவது. பச்சையில் இருப்பவர்களுக்குப் 'பூஜ்ஜிய சிசு மரணம்' என்று பாராட்டுச் சான்றிதழ் உண்டு என்று கீழே குறிப்பு வேறு.

"அக்கா, அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வெப்பாங்க" என்றாள். அவளை எனக்குத் தெரியும். நிறைமாதத்தில் இருக்கும் பெண்ணை மழைக்காலத்தில் ஓடை தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள்.

எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது யாரோ ஓர் அலுவலரைப் பற்றிய புகாராகச் சுருங்கிவிடும். இதே மாதிரிப் பட்டியல்களை நான் என் சர்வீசில் மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன், அலுவலர் மாறுவார், பட்டியல் மறுபடியும் வரும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலின் கணக்கைப் பார்ப்போம். ஒரு துணை நிலையத்தின் கீழ் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். வருடத்துக்கு அறுபத்தைந்து, எழுபது பிரசவம் நடக்கும். அவள் பகுதியில் 67. சிசு மரண விகிதம் என்றால் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு எத்தனை குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள் என்பது. 67 பிறப்பில் ஒரு குழந்தை இறந்தாலே விகிதம் 15 ஆகிவிடும். இரண்டு இறந்தால் 30. தேர்ந்தெடுத்த பகுதிகளில் மட்டும் பிறப்பு இறப்பை எண்ணும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் விகிதம் 13. அதோடு இந்த 30-ஐ ஒப்பிட்டால் அவள் ஏதோ பெரிய குற்றம் செய்த மாதிரித்தான் தெரியும்.

இதை எனக்கு விளங்க வைத்தவர் முன்பு எங்கள் வட்டாரத்தில் புள்ளியியலாளராக இருந்தவர். மாநிலச் சராசரி 13 என்றே வைத்துக்கொள்வோம், நூறு துணை நிலையங்கள், எல்லாவற்றிலும் 67 பிறப்பு, எல்லாச் செவிலியரும் ஒரே மாதிரி வேலை செய்கிறார்கள், தாய்மார்களின் நிலைமையும் ஒரே மாதிரி. அப்படி இருந்தாலும் அந்த வருடம் சுமார் 42 நிலையங்களில் ஒரு மரணமும் இருக்காது, 36 நிலையங்களில் ஒன்று, 16 நிலையங்களில் இரண்டு, மீதி ஆறு நிலையங்களில் மூன்று அல்லது அதற்கு மேல் இருக்கும். பாய்சான் பரவல் என்று சொல்வார்கள், அரிதாக நடக்கும் விஷயங்களை எண்ணும்போது இப்படித்தான் வரும். ஒருவரும் தப்பு செய்யவில்லை, ஒருவரும் கூடுதலாகச் சாதிக்கவும் இல்லை, ஆனால் 42 பேருக்குச் சான்றிதழும் 22 பேருக்கு மெமோவும் கிடைக்கும். அடுத்த வருடம் சீட்டைக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆட்கள் மாறிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் துணை நிலையம் போன வருடம் பச்சையில் இருந்தது. பக்கத்து நிலையம் போன வருடம் சிவப்பு, இந்த வருடம் பச்சை.

முப்பதாயிரம் பேர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு நானூறு பிறப்பு, ஐந்து மரணம்தான் எதிர்பார்க்கலாம். அதுவும் எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு வருடம் ஒன்றாகவும் இன்னொரு வருடம் பத்தாகவும் வரக்கூடிய எண். உங்களில் பலர் பொதுச் சுகாதாரத்தில் பட்டமேற்படிப்பு படித்தவர்கள். இது எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் இந்தப் பட்டியல்?

சரி, அந்த இரண்டு குழந்தைகள் எப்படி இறந்தன? முதல் குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது, உதடு நீலமாகிறது என்று பார்த்துச் சொல்லி அனுப்பியதே இந்தச் செவிலியர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது நாற்பதாவது நாள் போய்விட்டது. இரண்டாவது, இரட்டையரில் ஒன்று. பிறந்த எடை 1.4 கிலோ. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊர் வழக்கப்படி தாயும் குழந்தைகளும் அம்மா வீட்டுக்குப் போனார்கள், அது வேறு மாவட்டம், அறுபது கிலோமீட்டர் தள்ளி. பத்தொன்பதாவது நாள் குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டுவிட்டது, ஆட்டோ பிடித்துப் போவதற்குள் முடிந்தது. கிருமித் தொற்றாக இருக்கலாம். யாரும் உறுதி செய்யவில்லை.

இந்த அம்மா வீட்டு விஷயத்தை நீங்கள் ஒரு நாளாவது கூட்டத்தில் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆதங்கம் இருக்காது. நம் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்வது கணவன் ஊர்ச் செவிலியர். பிரசவம் தாய் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். சிக்கல் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அது மூன்றாவது ஊர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. அதனால் நகராட்சிப் பதிவேட்டில் மரணங்கள் குவிகின்றன, அந்தக் குழந்தைகளின் கிராமங்களில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. பிறந்த முதல் மாதம்தான் குழந்தைக்கு மிகவும் ஆபத்தான காலம், அதிலும் முதல் வாரம். அந்தக் காலம் முழுக்கத் தாயும் சேயும் எந்தச் செவிலியரின் பதிவேட்டிலும் சரியாக உட்காராமல் நடுவில் நிற்கிறார்கள். கணவன் ஊர்ச் செவிலியர் "அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று எழுதுவார், தாய் வீட்டு ஊர்ச் செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. மெமோ மட்டும் வீட்டு விலாசம் பார்த்துச் சரியாக வந்து சேர்கிறது. அறுபது கிலோமீட்டர் தள்ளி 1.4 கிலோ குழந்தை ஒன்று வந்திருக்கிறது என்று அந்த ஊர்ச் செவிலியருக்கு யாராவது ஒரு போன் செய்திருந்தால் அந்தக் குழந்தைக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது நான் சொல்லப் போவது என் சொந்தத் தவறு. பல வருடம் மனசுக்குள் வைத்திருந்தேன்.

என் பகுதியில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. இரண்டாவது கர்ப்பம். 108-இல் ஏற்றி நானும் கூடவே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிரசவம். பெண் குழந்தை, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும், கை என் சுண்டு விரல் அளவு. தொப்புள்கொடியில் விரல் வைத்துப் பார்த்தேன், துடிப்பு இருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு பத்து. செயற்கை சுவாசம் கொடுக்கும் பை ஒன்று இருந்தது, அதன் முகமூடி பெரிய குழந்தைக்கானது, இந்த முகத்தை முழுக்க மூடி வழிந்தது. நான்கு முப்பதுக்கு எல்லாம் நின்றுவிட்டது.

கேஸ் ஷீட்டில் 'இறந்து பிறந்தது' என்று எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே பணியில் இருந்தவர் என்னிடம், "சிஸ்டர், நீங்களும் அப்படியே எழுதிக்கோங்க. உயிரோட பொறந்துச்சுன்னு எழுதினா ஆடிட்டுக்கு உங்களையும் இழுப்பாங்க, எங்களையும் இழுப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இருபது நிமிடமும் அந்தக் குழந்தைக்காகப் போராடியவர் அவர்தான். அந்த வருடம் என் பகுதியில் ஏற்கெனவே ஒரு சிசு மரணம் ஆகியிருந்தது, அதற்காகக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்து என் பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன்.

பத்து நாள் கழித்து அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "நர்சம்மா, பாப்பா அழுதுச்சே, எனக்குக் கேட்டுச்சு. சீட்டுல செத்துப் பொறந்ததுன்னு போட்டிருக்காங்களாமே?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இதற்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பம் எத்தனை வாரமாக இருந்தாலும், வெளியே வந்த பிறகு மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, கை கால் அசைவு என்று ஏதாவது ஓர் அடையாளம் இருந்தால் அது உயிர்ப் பிறப்பு. அப்புறம் இறந்தால் அது சிசு மரணம். ஒரே ஒரு கட்டத்தை மாற்றி எழுதியதால் என்ன ஆனது என்று பாருங்கள். அந்தக் குழந்தை பிறப்புக் கணக்கிலும் இல்லை, இறப்புக் கணக்கிலும் இல்லை. எங்கள் கூட்டங்களில் இறந்து பிறந்த குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. குறைமாத வலி வந்த தாய்க்குக் குழந்தையின் நுரையீரலுக்காகப் போட வேண்டிய டெக்சாமெத்தசோன் ஊசி போடப்பட்டதா, அந்தப் பிரசவ அறையில் சின்னக் குழந்தைக்கான முகமூடி ஏன் இல்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்று கேள்வியும் கேட்கப்படவே இல்லை. அந்த முகமூடி அங்கே எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் இன்னும் எத்தனை குழந்தைகள் அந்த மேஜைக்கு வந்தன என்பதும் தெரியாது.

பயத்தில் எழுதும் எண்கள் இப்படித்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது உங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு மாவட்டத்தில் இறந்து பிறந்தவை எத்தனை, முதல் வாரத்தில் இறந்தவை எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது குறையும்போது முதலாவது கூடிக்கொண்டே போனால் யாரோ கட்டம் மாற்றி எழுதுகிறார்கள். தோல் உரிந்த நிலையில் பிறந்ததா, தோல் நன்றாக இருந்ததா என்று பார்த்தாலே வயிற்றுக்குள் முன்பே இறந்ததா, பிரசவ நேரத்தில் போனதா என்பது ஓரளவு தெரியும். 2.8 கிலோ எடையோடு, தோல் உரியாமல், வலி வந்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும்வரை துடிப்பு இருந்த குழந்தை 'இறந்து பிறந்தது' என்று எழுதப்பட்டிருந்தால் அங்கே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எடையும் அப்படித்தான். ஏதாவது ஒரு பிரசவப் பதிவேட்டை எடுத்து எடைக் கட்டத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 2.500, 2.500, 2.600, 2.500. இரண்டரை கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை, தனிப் படிவம், தனிக் கண்காணிப்பு, கூட்டத்தில் தனிக் கேள்வி. அதனால் 2.3-உம் 2.4-உம் இரண்டரையாக ஏறிவிடுகின்றன. மூன்றாம் நாள் நான் வீட்டுக்குப் போய், துணித் தொட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்துத் தொங்கு தராசில் நிறுத்துப் பார்ப்பேன். 2.050 காட்டும். பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு, ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் யோசிக்க வேண்டும். இரண்டரை கிலோ 2.250-க்குக் கீழே வரக் கூடாது. அப்படியானால் ஒன்று குழந்தைக்குப் பால் போதவில்லை, அல்லது பிறந்த எடை பொய். எது என்று தெரியாமல் அந்தத் தாய்க்கு என்ன சொல்லிவிட்டு வருவது? அதைத் தீர்மானிக்க முடியாமல் பல வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன்.

எங்கள் பதிவேடுகளை வெறும் காகிதம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு 1990-கள் ஞாபகம் இல்லை என்று அர்த்தம். சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் பெண் சிசுக் கொலை நடந்த காலம் அது. பொதுவாக முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் கூடுதலாக இறக்கும், உடற்கூறு அப்படி. ஆனால் அந்தப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் பெண் குழந்தைகள் கூடுதலாக இறந்துகொண்டிருந்தார்கள், அதுவும் முதல் சில நாட்களில், அதுவும் இரண்டாவது மூன்றாவது பெண்ணாக இருந்தால். ஊரில் எல்லோரும் வயிற்றுப்போக்கு, பால் விக்கி இறந்தது என்று சொல்வார்கள். செவிலியர்கள் மரணக் காரணக் கட்டத்தில் 'சமூகக் காரணம்' என்று, அதாவது கொன்றுவிட்டார்கள் என்று, எழுதினார்கள். அந்த ஊரிலேயே தனியாக ஒரு குவார்ட்டர்சில் தங்கிக்கொண்டு, அந்த வீட்டு ஆட்களைத் தினமும் பார்த்துக்கொண்டு அதை எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு வார்த்தைகளைப் பதிவேடு பதிவேடாகக் கூட்டித்தான், எந்த வட்டாரத்தில் எவ்வளவு நடக்கிறது என்று மாநிலத்துக்கே தெரிந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தருமபுரியில் சிசுக் கொலைக்கு எதிராக ஊர் ஊராகக் கலைப்பயணம் போனது. எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்னது அந்தப் பதிவேடுகள். அன்றைக்கும் 'உன் பகுதியில் ஏன் செத்தது' என்று மெமோ கொடுத்திருந்தால் எல்லாம் 'வயிற்றுப்போக்கு' என்றே முடிந்திருக்கும்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் செய்ததும் இதே மாதிரி எண்ணியதில் தொடங்கிய வேலைதான். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு மரணத்தையும் எழுத வைத்தார்கள், எதனால் இறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அதே பெண்களுக்கு மூச்சுத் திணறலையும் கிருமித் தொற்றையும் வீட்டிலேயே கவனிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். 39 கிராமங்களில் செய்து, செய்யாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் வருடம் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இறந்தால் தண்டனை என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் அவ்வளவு நேர்மையாக எழுதியிருப்பார்களா?

மாநில அளவு எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1971-இல் தமிழ்நாட்டின் விகிதம் 113. அங்கிருந்து 13-க்கு வந்தது உண்மையான சாதனை, அதில் என் மாதிரி ஆயிரக்கணக்கான பெண்களின் கால் நடையும் இருக்கிறது. அதே காலகட்டத்தில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 18.6 என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று இல்லை. குடும்ப நல ஆய்வு தாய்மார்களிடம் முந்தைய ஐந்து வருடத்துப் பிறப்புகளைக் கேட்டுக் கணக்கிடுகிறது, மாதிரிப் பதிவுத் திட்டம் ஆண்டாண்டாக எண்ணுகிறது. ஆனால் மேடையில் எப்போதும் சின்ன எண் மட்டும்தான் சொல்லப்படுகிறது. இரண்டுமே மாதிரிக் கணக்குதான், ஒரு வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டும் சொல்லாது. அதிலும் 2021-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கை வெளியானதே 2025 மே மாதத்தில். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் அங்கன்வாடியை முடிக்கப் போகிற நேரம். வட்டாரத்துக்கு, கிராமத்துக்கு, இந்த வருடத்துக்கு என்று இருக்கும் ஒரே கணக்கு எங்கள் கையால் எழுதுவது, இப்போது பிக்மி என்ற கர்ப்பிணி, குழந்தைப் பதிவுக் கணினித் தளத்தில் ஏற்றுவது. அதைத்தான் மெமோ கொடுத்துக் கெடுக்கிறீர்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. முப்பத்திரண்டு வருடம் மாதாமாதம் கணக்கு அனுப்பினேன். ஒரு முறைகூட, "நீங்கள் அனுப்பியதையெல்லாம் கூட்டிப் பார்த்தோம், உங்கள் வட்டாரத்தில் இத்தனை குழந்தைகள் முதல் நாளில் இறந்திருக்கின்றன, இன்ன காரணத்தால், இதைக் கவனியுங்கள்" என்று ஒரு தாள் திரும்பி வந்ததில்லை. கணக்கு மேலே போகும், கேள்வி கீழே வரும், அவ்வளவுதான். இறந்த வீட்டில் போய் உட்கார்ந்து, எப்போது பால் குடிக்க மறுத்தது, யாரிடம் முதலில் காட்டினீர்கள், வண்டி எப்போது வந்தது என்று நாங்கள் கேட்டு எழுதுகிறோம். அந்தத் தாய் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த நாளை மறுபடி அனுபவித்துத்தான் பதில் சொல்கிறாள். அந்தத் தாள் எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் கேட்பவை இவை.

சிசு மரணம் நடந்தது என்பதற்காக மட்டும் செவிலியருக்கு மெமோ கொடுப்பதை நிறுத்துங்கள். வேலையில் அலட்சியம் இருந்தால், போக வேண்டிய நாளில் போகவில்லை, ஊசி போடாமல் போட்டதாக எழுதினார் என்று குறிப்பான தவறு இருந்தால், அதற்குக் கேளுங்கள். மரணத்தை மறைத்தால் கேளுங்கள். மரணத்தை உள்ளபடி எழுதியதற்குக் கேட்காதீர்கள்.

துணை நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஒரு வருட விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியலை விட்டுவிடுங்கள். பூஜ்ஜியத்துக்குச் சான்றிதழும் வேண்டாம். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்து வருடத்தைச் சேர்த்து, வட்டார அளவில் பாருங்கள், எத்தனை பிறப்பில் எத்தனை மரணம் என்ற எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இறந்து பிறந்த குழந்தைகளையும் சிசு மரணங்களையும் ஒரே கூட்டத்தில், ஒரே கவனத்தோடு ஆய்வு செய்யுங்கள். மாதிரிப் பதிவுத் திட்டத்தில் ஒருவர் எழுதியதைப் பார்க்காமல் இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தனியாகக் கணக்கெடுத்து, ஒத்துப்போகாததை மறுபடி போய்ச் சரிபார்ப்பார்கள். அதே முறையில் வட்டாரத்துக்குச் சில கிராமங்களையாவது வெளியாள் ஒருவரை வைத்துச் சரிபாருங்கள். அந்தச் சரிபார்ப்பில் தவறு தெரிந்தால் முதல் தடவை திருத்த விடுங்கள்.

குழந்தை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டு, பிக்மி எண்ணோடு அந்த ஊர்ச் செவிலியருக்கு அன்றைக்கே செய்தி போக வழி செய்யுங்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் கட்டாயம் போனும் செய்யச் சொல்லுங்கள். இறந்தால் அந்த மரணத்தைத் தாய் வழக்கமாக வசிக்கும் ஊரின் கணக்கில் சேர்த்து, இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் தெரியப்படுத்துங்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் செவிலியரை நிற்க வைக்காதீர்கள், நாற்காலி கொடுங்கள். பிரசவ அறையில் பணியில் இருந்தவர், அனுப்பிய ஆஸ்பத்திரி, ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் வந்த நேரம் எல்லாம் அதே மேஜைக்கு வரட்டும்.

வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே ஒரு தாள் திருப்பி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம். எத்தனை பிறப்பு, எத்தனை மரணம், எத்தனையாவது நாளில், எந்த எடையில், எந்தக் காரணத்தால், அதனால் என்ன மாற்றம் செய்தீர்கள். அதைக் கிராம சபையிலும் படிக்கச் சொல்லுங்கள். கேள்விக்குப் பதில் சொன்ன தாய்மாருக்கு அது சேர வேண்டும்.

கடைசியாக, அந்தப் பெண் மெமோவுக்குப் பதில் எழுத இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். அவள் பகுதியில் இறந்த இரண்டு குழந்தைகளின் மரணப் படிவங்களையும் எடுத்து முழுக்கப் படியுங்கள். இரண்டாவது படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், 'தாய் வீட்டுப் பகுதிச் செவிலியருக்குத் தகவல் தரப்பட்டதா' என்று அவளே தன் கையால் ஒரு வரி சேர்த்து, எதிரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். அந்த வரி உங்கள் அச்சடித்த படிவத்தில் கிடையாது. அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது அதைச் சேருங்கள்.